போன தண்ணி திரும்பி வந்ததா? ரேடியேற்றர் மூடிக் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

பழைய வான் ஒன்றின் பின் சீற்றைத் தூக்கிப் பாருங்கள். ஐந்து லீற்றர் தண்ணிக் கான் ஒன்று கிடக்கும். சாரதியைக் கேட்டால், "கொஞ்சம் தண்ணி குடிக்கும் அண்ணை, மற்றும்படி வண்டி திறம்" என்பார். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் சின்னதாக ஒரு கராச் வைத்திருக்கிறேன். இந்த வசனத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு கிழமை போனதில்லை. தண்ணி குடிப்பது மாடு. வண்டி குடிக்காது. ரேடியேற்றர், எஞ்சின், ஹோஸ் எல்லாம் சேர்ந்த பூட்டிய வட்டம் அது. அங்கே தண்ணி குறைந்தால் எங்கோ ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. பல வேளை அந்த வாசல் மேலே இருக்கிற மூடி. சில வேளை மூடி அப்பாவி, கீழே பெரிய வருத்தம் ஒன்று ஒளிந்திருக்கும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதனால் இங்கே ஓடுகிறவை பெரும்பாலும் வயது போன வண்டிகள். எஞ்சினை இரண்டு முறை இறக்கி ஏற்றியிருப்பார்கள், ரேடியேற்றரை மாற்றியிருப்பார்கள். மூடி மட்டும் வண்டி கப்பலால் இறங்கிய நாளில் இருந்து அதேதான்.

மூடிக்குள் என்ன நடக்கிறது

இதை விளங்கிக்கொண்டால் கீழே உள்ள அறிகுறிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

குளத்துக்கு வான் இருக்கிறது. (ஓடுகிற வானைச் சொல்லவில்லை, பாய்கிற வானை.) தண்ணி அளவுக்கு மேலே ஏறினால் வான் பாயும், கட்டு தப்பும். ரேடியேற்றர் மூடியும் அப்படித்தான். உள்ளே ஒரு பெரிய ஸ்பிறிங், அதன் அடியில் ஒரு இறப்பர் வாசர். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் ஸ்பிறிங் மேலே தள்ளப்பட்டு, கழுத்துப் பக்கத்தில் இருக்கிற சின்ன ரியூப் வழியாகத் தண்ணி, பக்கத்தில் பூட்டியிருக்கிற பிளாஸ்ரிக் போத்தலுக்குள் பாயும்.

குளத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குளத்தில் வான் பாய்ந்த தண்ணி போனது போனதுதான். இங்கே அது திரும்பி வரவேண்டும். மூடியின் நடுவில், வாசருக்குள்ளே, காற்சட்டைத் தெறி அளவில் இன்னொரு குட்டிக் கதவு இருக்கிறது. இரவில் எஞ்சின் ஆறும்போது உள்ளே இருக்கிற தண்ணி சுருங்கும், வெறுமை உண்டாகும், அந்த வெறுமை குட்டிக் கதவைக் கீழே இழுத்துத் திறந்து, போத்தலில் இருக்கிற தண்ணியை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். ஆக மூடியில் இரண்டு கதவு: ஒன்று போக, ஒன்று வர. ஆட்கள் போகிற கதவைப் பற்றித்தான் கதைப்பார்கள். என்னுடைய கராச்சுக்கு வருகிற மூடிகளில் பழுது கூடுதலாக இருப்பது வருகிற கதவில்.

எவ்வளவு தண்ணி போய் வரும்? ஏழு லீற்றர் பிடிக்கிற வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 28 பாகை செல்சியசில் இருக்கிற தண்ணி ஓடும்போது 90 பாகைக்கு வந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு பெருக்கும். பாதிக்குப் பாதி கூலன்ற் (ரேடியேற்றர் தண்ணியோடு கலக்கக் கடையில் விற்கிற திரவம்) கலந்திருந்தால் நான்கு பங்குக்குக் கிட்ட. அதாவது கால் லீற்றர் அளவு. தினமும் கால் லீற்றர் வெளியே போய்த் திரும்பி வராவிட்டால் நான்கு நாளில் ஒரு லீற்றர். "கொஞ்சம் தண்ணி குடிக்கும்" என்று அண்ணை சொன்ன கணக்கு இதுதான்.

மூடியின் மேல் ஒரு இலக்கம் இருக்கும்: 0.9 அல்லது 1.1. சிலதில் 88 அல்லது 108, சிலதில் 13 அல்லது 16. மூன்றும் வேறு வேறு அலகில் எழுதின ஒரே சங்கதி: மூடி திறக்கிற அழுத்தம். ஜப்பான் வண்டிகளில் இந்த இரண்டு அளவையும்தான் கூடுதலாகக் காணலாம். திறந்த பானையில் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் 118 பாகை வரைக்கும் கொதிக்காது, 1.1 என்றால் 121 வரைக்கும். பாதி கூலன்றும் இருந்தால் 130 பாகைக்குக் கிட்டப் போகும். மூடி பிடிக்காவிட்டால் இந்த மேலதிகம் எல்லாம் போய், உங்கள் எஞ்சின் திறந்த பானை ஆகிவிடும். சூடு காட்டுகிற மீற்றர் நடுவில் நிற்கும், ஆனால் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்குள்ளே சூடு கூடிய மூலைகளில் தண்ணி ஆவியாகிக்கொண்டிருக்கும்.

திறக்க முதல்

ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் பொத்திப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்க முதல் கையை எடுத்தீர்களானால் மூடியைத் தொடாதீர்கள். அரை மணித்தியாலம், வெயில் நாளில் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில் இருக்கிற வான்களில் சீற்றைத் தூக்கிக் குனிந்தால் முகம் நேரே எஞ்சினுக்கு மேலேதான் இருக்கும். 110 பாகையில் இருக்கிற தண்ணி மூடி கழன்ற அந்தக் கணமே ஆவியாக வெடித்துப் பாயும். அப்படி அவிந்த கைகளை நான் கண்டிருக்கிறேன். ஆறின பிறகும் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, முதலாவது தடுப்பு வரை மட்டும் திருப்பி நிறுத்தி, சத்தம் அடங்கின பிறகு அமத்தித் திருப்பி எடுங்கள். அந்த முதல் தடுப்பை வைத்ததே இதற்குத்தான்.

கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணி ஊற்றுவது இன்னொரு கேடு. அலுமினிய ஹெட் வெடிக்கும், அல்லது வளையும். வீதியில் மீற்றர் ஊசி ஏறத் தொடங்கினால் ஏசியை நிற்பாட்டி, ஹீற்றர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். ஆவி பறக்கத் தொடங்கிவிட்டால் எஞ்சினை உடனே நிற்பாட்டிவிட்டுப் பாலை நிழல் ஒன்றில் இருங்கள். வேறு வழி இல்லை.

பேனைக் கோட்டுச் சோதனை

மூடியை மாற்ற முதல் இதைச் செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை, ஒரு மார்க்கர் பேனை போதும்.

காலையில் எஞ்சின் பச்சையாக, அதாவது நன்றாக ஆறி, இருக்கும்போது மூடியைத் திறந்து ரேடியேற்றரைக் கழுத்து மட்டும் நிரப்பிப் பூட்டுங்கள். போத்தலில் "லோ" கோட்டுக்குச் சற்று மேலே தண்ணி விட்டு, அந்த மட்டத்தில் ஒரு கோடு கீறுங்கள். அது முதல் கோடு. அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே இரண்டாவது கோடு. மறுநாள் காலை மூன்றாவது.

இரண்டாவது கோடு முதலாவதுக்கு மேலே போய், மூன்றாவது முதலாவதோடு வந்து ஒட்டினால் மூடி திறம். போன தண்ணி திரும்பி வந்திருக்கிறது.

மேலே போனது மேலேயே நின்றால், ரேடியேற்றரைத் திறந்து பாருங்கள், கழுத்தில் தண்ணி இருக்காது. போகிற கதவு வேலை செய்கிறது, வருகிற வழியில் எங்கோ கோளாறு.

மூன்றாவது கோடு முதலாவதை விடக் கீழே இறங்கி, ரேடியேற்றர் நிரம்பியே இருந்தால் மூடியும் ரியூபும் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. வேறெங்கோ ஒழுகின தண்ணிக்குப் பதிலாகப் போத்தலில் இருந்து எடுத்து நிரப்பியிருக்கின்றன. வோட்டர் பம்ப், ஹோஸ் கிளிப், ஹீற்றர் குழாய் என்று தேடுங்கள்.

இரண்டாவது கோடு அசையவே இல்லையா? தண்ணி மூடி வழியாகப் போகாமல் வேறெங்கோ போகிறது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. காற்று இருந்தால் பெருக்கம் எல்லாவற்றையும் அதுவே விழுங்கிவிடும்.

போத்தல் நிரம்பி வழிகிறது, ரேடியேற்றர் காய்கிறது

வருகிற வழியின் கோளாறு. மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து நடுவில் இருக்கிற குட்டிக் கதவை நகத்தால் மெல்ல இழுங்கள். இழுபட்டு, விட்டவுடன் பட்டென்று திரும்பி ஒட்டவேண்டும். சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் இழுபடாது. கழுவிப் பார்க்கலாம், ஆனால் இறுகின மூடியை நான் திரும்பப் போடமாட்டேன்.

கதவு திறம் என்றால் ரியூபைப் பாருங்கள். ரேடியேற்றர் கழுத்தில் இருந்து போத்தலுக்குப் போகிற அந்தச் சுண்டுவிரல் ரியூபில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும். ஓடும்போது தண்ணி போகும், இரவில் தண்ணிக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் இளநீர் மேலே வராது, அந்தக் கதைதான். ரியூப் போத்தலின் அடிவரை போகிறதா என்பதும் முக்கியம். மேலோடு நின்றால் தண்ணி மட்டத்துக்கு மேல் காற்றைத்தான் இழுக்கும். ஒருமுறை முள்ளியவளைப் பக்கம் இருந்து வந்த வானுக்கு மூன்று மூடி மாற்றியிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், உடைந்த போத்தலுக்குப் பதிலாக யாரோ ஒரு சோடாப் போத்தலைக் கம்பியால் கட்டி, ரியூபை அதன் வாய்க்குள் இரண்டு அங்குலம் மட்டும் விட்டிருக்கிறார். மூன்று மூடியும் நல்ல மூடி.

பிழை மூடியிலும் ரியூபிலுமா, போத்தலிலா என்று பிரிக்க இன்னொரு வழி: எஞ்சின் சூடாக இருந்து ஆறத் தொடங்கும்போது, ரியூபின் நுனியைப் போத்தலில் இருந்து எடுத்து ஒரு கோப்பைத் தண்ணிக்குள் அடிவரை விடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பாருங்கள். கோப்பை குறைந்திருந்தால் மூடியும் ரியூபும் வேலை செய்கின்றன, பிழை போத்தலில். வாயால் உறிஞ்சிப் பார்க்கவேண்டாம். கூலன்ற் இனிக்கும் நஞ்சு.

காலையில் மேல் ஹோஸ் சப்பளிந்து கிடக்கிறது

மேலே சொன்ன கோளாறின் கடும் வடிவம். குட்டிக் கதவு அறவே திறக்கவில்லை. உள்ளே உண்டான வெறுமை தண்ணியை இழுக்க முடியாமல் ஹோஸையே உள்ளே இழுத்துவிட்டது. மூடியைத் திறந்தவுடன் "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து ஹோஸ் நிமிர்ந்தால் சந்தேகமே வேண்டாம், மூடியை மாற்றுங்கள். ஹோஸையும் விரலால் அமத்திப் பாருங்கள். பல நாள் சப்பளிந்த ஹோஸ் உள்ளே வெடித்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அடி ஹோஸ் சப்பளிந்தால் அது வேறு. அந்தப் பக்கம் வோட்டர் பம்ப் இழுக்கிற பக்கம். ரேடியேற்றர் அடைத்திருக்கலாம், அல்லது ஹோஸ் தளர்ந்திருக்கலாம்.

ஊசி நடுவில், ஆனால் நிறுத்தின பிறகு கொதிக்கிற சத்தம்

மதவாச்சியில் இருந்து மன்னார் வீதியால் வந்து நிறுத்திய வண்டி பொட்டு பொட்டென்று கொதிக்கும், போத்தல் குமிழி விடும். சாரதி ஊசியைக் காட்டி, "பாருங்கோ அண்ணை, ஹீற் இல்லைத்தானே" என்பார். ஹீற் இல்லைதான். அழுத்தம்தான் இல்லை. எஞ்சினை நிற்பாட்டினவுடன் பம்பும் நிற்கும், ஹெட்டில் இருக்கிற சூடு நிற்கிற தண்ணிக்குள் இறங்கும். மூடி 0.9 பிடித்திருந்தால் அந்தத் தண்ணி கொதிக்காது. ஸ்பிறிங் தளர்ந்து 0.3 இல் திறக்கிற மூடி என்றால் 107 பாகையிலேயே கொதிக்கும்.

சோதனை இலகு. நன்றாக ஓடி வந்தவுடன், துணி ஒன்றால் மேல் ஹோஸைப் பிடித்து அமத்துங்கள். காற்றடித்த சைக்கிள் ரியூப் போல விறைப்பாக இருக்கவேண்டும். துவண்டிருந்தால் அழுத்தம் நிற்கவில்லை.

கராச்சில் கைப்பம்ப் சோதனை மெசின் இருந்தால் மூடியைத் தனியாக மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 88 என்று எழுதின மூடிக்கு ரொயோட்டா கையேட்டில் உள்ள கணக்கு: 74 இற்கும் 103 இற்கும் இடையில் திறந்தால் சரி, 59 கிலோ பஸ்காலுக்குக் கீழே இறங்கினால் மாற்று. மெசின் இல்லாத கராச் என்றால் அதே இலக்கமுள்ள நல்ல மூடி ஒன்றை வேறு வண்டியில் இருந்து ஒரு நாளைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஊசி திடீரென்று கீழே விழுந்தால் சந்தோசப்படாதீர்கள். தண்ணி மட்டம் இறங்கி, சூடு பார்க்கிற முனை ஆவிக்குள் நிற்கிறபோது சில வண்டிகள் அப்படித்தான் பொய் காட்டும்.

கழுத்தைச் சுற்றி வெள்ளைப் படை

கூலன்ற் ஓடுகிற வண்டியில் பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் உப்புப் போலப் பூத்திருக்கும். கிணற்றுத் தண்ணி ஓடுகிற வண்டியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. இரண்டும் ஒரே சாட்சி: மூடியின் தலைக்கு அடியில், கழுத்து விளிம்போடு ஒட்டுகிற மேல் வாசர் பிடிக்கவில்லை. வாசரில் வட்டமாக ஆழப் பள்ளம் விழுந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மூடியை மாற்றுங்கள். மாற்றியும் கசிந்தால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வாசர் இருக்கிற விளிம்பு நெளிந்திருக்கும், அல்லது துரு தின்றிருக்கும். மூடி இறுகிவிட்டது என்று குறடு போட்டுத் திருப்பிய கழுத்துகளை அடிக்கடி காண்கிறேன். பித்தளைக் கழுத்து என்றால் ரேடியேற்றர் வேலைக்காரரிடம் கொடுத்து நேராக்கலாம், பிளாஸ்ரிக் கழுத்து என்றால் மேல் தாங்கியோடு போனதுதான்.

சைக்கிள் ரியூப் வெட்டி வாசர் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த 90களில் பெற்றோலுக்கே வழியில்லாமல் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடின சனம் நாங்கள். அப்போது அது கெட்டித்தனம், நானும் வெட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் தடிப்பு ஸ்பிறிங்கின் உயரத்தை மாற்றிவிடும், குட்டிக் கதவையும் அடைத்துவிடும். இன்றைக்குக் கடையில் மூடி கிடைக்கிறது. ரியூபைச் சைக்கிளுக்கு விடுங்கள்.

ஸ்ரார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் ஹோஸ் கல்லு மாதிரி

இங்கேதான் மூடியை விட்டுவிட்டுப் பயப்படவேண்டும்.

எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, தண்ணி பெருக்க நேரம் வரவில்லை, ஆனால் ஹோஸ் விறைத்துவிட்டது. அப்படியானால் அழுத்தம் தண்ணியால் வரவில்லை. சிலிண்டருக்குள் எரிகிற வாயு, ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் காஸ்கட் வழியாகத் தண்ணிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் அது திறந்து தண்ணியைத் தள்ளும். அதன் வேலையே அதுதான். போத்தல் தொடர்ந்து வழியும், ஒவ்வொரு நாளும் கூடுதலாக.

உறுதிப்படுத்த: இரவு முழுக்க நிறுத்தின வண்டி, விடிய மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று வெளியே தள்ளுகிறதா? ஆறின தண்ணி சுருங்கித்தான் இருக்கவேண்டும், தள்ளக்கூடாது. தள்ளினால் உள்ளே இருப்பது வாயு. பிறகு மூடி இல்லாமல், பச்சை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிக் கழுத்துக்குள் பாருங்கள். முதல் சில நிமிடம் வருகிற குமிழி அடைபட்ட காற்றாக இருக்கலாம், அது ஓயும். ஓயாமல் வந்துகொண்டே இருந்து, அக்சிலேற்றரை மிதிக்கும்போது கூடினால் காஸ்கட்தான். சில கராச்சுகளில் நீல நிறத் தண்ணி விட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் நிறம் மாறி மஞ்சளாகும்.

காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, எண்ணெய் மூடியின் அடியில் பால் ஆடை போல இருப்பது, இவையும் அதே குடும்பம். ரேடியேற்றருக்குள் பால்தேத்தண்ணி நிறம் கண்டால் எண்ணெய் கலந்திருக்கிறது. ஓட்டோ கியர் வண்டி என்றால் கியர் எண்ணெய்யும் ரேடியேற்றருக்குள்ளே இருக்கிற குழாய் வழியாக ஆறித்தான் போகிறது, அந்தக் குழாய் வெடித்தாலும் இதே நிறம் வரும். ஹெட்டை இறக்க முதல் எந்த எண்ணெய் என்று பாருங்கள். "மூடியை மாத்திப் பாப்பம் அண்ணை" என்று இன்னும் இரண்டு கிழமை ஓடுகிறவர் கடைசியில் காஸ்கட்டோடு ஹெட்டையும் சேர்த்துக் கொண்டுவருவார்.

புது மூடி போட்டேன், இப்போது வேறு இடத்தால் ஒழுகுகிறது

இரண்டு காரணம் இருக்கலாம். பழைய மூடி அழுத்தமே பிடிக்காமல் இருந்தது. புது மூடி ஒழுங்காகப் பிடிக்கிறது, இத்தனை நாள் ஒளிந்திருந்த பலவீனம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்படியென்றால் மூடியைக் குறை சொல்லாமல் ஒழுகுகிற இடத்தைத் திருத்துங்கள்.

அல்லது 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டுவிட்டீர்கள். "கூட அழுத்தம் கூட நல்லது" என்று விற்கிறவரும் சொல்வார். பழைய ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தாங்கியும் தகடும் சேருகிற விளிம்புக்கு அந்த மேலதிகம் தேவையில்லாத பாரம். இலக்கத்தைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் வேண்டாம்.

இலக்கம் சரியாக இருந்தும் பிடிக்காத மூடிகளும் உண்டு. ஆழம் வேறு. ஜப்பான் வண்டிகளிலேயே சின்னத் தலை, பெரிய தலை என்று இருக்கிறது, ஸ்பிறிங் இறங்குகிற ஆழமும் வேறுபடும். கழுத்தில் பூட்டுப்படும், ஆனால் அடி வாசர் இருக்கையைத் தொடாது. பழைய மூடியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்து வாங்குங்கள்.

உழவு இயந்திரம்: தினமும் கழுத்து மட்டும் ஊற்றுகிறேன், தினமும் ஊற்றுகிறது

இது கோளாறே இல்லை. போத்தல் இல்லாத உழவு இயந்திரங்களில் வழிகிற தண்ணி நேரே நிலத்துக்குத்தான் போகும். பெருக்கத்துக்கு இடம் வேண்டும். கழுத்து மட்டும் நிரப்பினால் அந்தப் பெருக்கத்தின் அளவைத் துப்பிவிட்டு, தனக்கு வேண்டிய மட்டத்தில் நின்றுகொள்ளும். நீங்கள் மறுநாள் காலை "குறைந்துவிட்டது" என்று திரும்ப ஊற்றுவீர்கள். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே விட்டுப் பூட்டுங்கள். மூன்று நாள் ஊற்றாமல் பாருங்கள், அதே மட்டத்தில் நின்றால் பிரச்சினை உங்கள் கையில்தான்.

அறுவடை நாட்களில் இன்னொன்று: பதரும் சுணையும் ரேடியேற்றர் தகடுகளுக்குள் போய் அடைந்து பாய் போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கும் மூடிக்கும் சம்பந்தமில்லை. விசிறிப் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணி அடித்துக் கழுவுங்கள். கிறவல் வீதியில் ஓடுகிற பட்டா என்கிற சின்ன லொறிகளுக்கும் இதேதான், அங்கே செம்புழுதி.

தண்ணித் தொட்டி திறந்தபடி கொதிக்கிற பழைய லான்ட்மாஸ்ரருக்கு அழுத்த மூடி இல்லை, இந்தப் பக்கமே அதற்குப் பொருந்தாது. காற்றால் ஆறுகிற ஓட்டோக்காரருக்கும் விடுமுறை.

மூடி போத்தலிலேயே இருக்கிற வண்டிகள்

சில கார்களில் ரேடியேற்றருக்கு மூடியே இல்லை. தடித்த வெள்ளைப் போத்தல், அதன் மேல் திருகு மூடி. அங்கே போத்தலும் அழுத்தத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே சூட்டில் திறந்தால் அதுவும் அவிக்கும். "மக்ஸ்" கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள். மேலே இருக்கிற காற்றுத்தான் பெருக்கத்துக்கு இடம். அந்தப் போத்தல் மஞ்சளித்து ஒட்டுப் பக்கத்தில் மயிர் வெடிப்பு விட்டிருந்தால் மூடி மாற்றிப் பயனில்லை.

தண்ணியைப் பற்றி

எங்கள் கேத்தல் அடியில் இருக்கிற வெள்ளைப் படையைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் படைதான் குட்டிக் கதவையும் ரேடியேற்றர் குழாயையும் அடைக்கிறது. "இஞ்ச பனியா கொட்டுது, கூலன்ற் எதுக்கு?" என்று கேட்பார்கள். உறையாமல் இருக்க மட்டும் அல்ல கூலன்ற். துருவைத் தடுக்கும், அலுமினியத்தைக் காக்கும், கொதிநிலையை ஏற்றும். அடர்த்தியான கூலன்ற் வாங்கினால் பற்றரித் தண்ணி (வடித்த தண்ணி) சமபங்கு கலவுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் துப்புரவாகப் பிடித்த மழைத் தண்ணி கிணற்றுத் தண்ணியை விட எவ்வளவோ மேல். கலந்து விற்கிற கூலன்றுக்குள் தண்ணி ஊற்றவேண்டாம். பச்சையையும் ரோசையும் கலக்கவேண்டாம். முந்தி என்ன ஊற்றினீர்கள் என்று தெரியாவிட்டால் முழுதாக இறக்கிக் கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

இறக்கின கூலன்றைக் காணிக்குள் ஊற்றிவிடாதீர்கள். இனிப்பு என்று ஆடும் நாயும் நக்கும், நக்கினால் பிழைக்காது. சோடாப் போத்தலில் விட்டு வைக்கிற வேலையும் வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றர் வழியை மூடி வைக்கிற கதவு) கழற்றி எறிந்தால் ஹீற் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அடியில் இரண்டாவது தட்டு உள்ள தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சுற்றுவழி திறந்தபடி நிற்கும், சூட்டுத் தண்ணியில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினைச் சுற்றிவரும். ஹீற்றுக்குப் பயந்து கழற்றினவர் ஹீற்றைத் தானே கூப்பிடுகிறார். பழுது என்றால் அதே பாகையில் திறக்கிற புதிதைப் போடுங்கள், பெரும்பாலும் 82 அல்லது 88.

மாற்றின பிறகு

காற்றை வெளியேற்றாமல் எந்தச் சோதனையும் சரிவராது. வண்டியின் முன்பக்கம் உயர நிற்கவேண்டும். வன்னியில் ஏற்றம் தேடினால் குளக்கட்டு ஏறுகிற வழிதான். பச்சை எஞ்சினில் மூடியைத் திறந்து, ஹீற்றரை முழுதாக வைத்து ஸ்ரார்ட் பண்ணுங்கள். மேல் ஹோஸ் சூடாகும்வரை, அதாவது தேர்மோஸ்டாட் திறக்கும்வரை, மட்டம் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டிருங்கள். குமிழி நின்றதும் கழுத்து மட்டும் விட்டுப் பூட்டி, போத்தலில் புதிதாகக் கோடு கீறுங்கள்.

மூன்று காலை தொடர்ந்து தண்ணி அந்தக் கோட்டிலேயே நின்றால் பின் சீற்றுக்கு அடியில் இருக்கிற கானை எடுத்து வீட்டில் வைக்கலாம். நான் என்றால் ஒரு லீற்றர் போத்தல் ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன். புளியங்குளத்தால் நெடுங்கேணிக்கு இரவில் போகும்போது நிறுத்திவைத்து ஆற விடுவதற்கு யானை பொறுக்காது.